கோலா தெர்லாவுக்குக் கேட்காத நகைச்சுவை

ஒலிப்பதிவுப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பயிற்சிக்கு வந்து கொஞ்ச நேரம் பேசும்படி என்னைக் கூப்பிட்டார்கள். வானொலியில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு அது என்ன பெரிய வேலை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேசுகிறவர்கள் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நான் இந்தப் பக்கம் இருந்தேன். அதனால்தான் அந்த வேலையில் இத்தனை காலம் நிலைத்தேன். பேசுவதற்குப் பதிலாக எழுதித் தருகிறேன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் எழுதியது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மிக்சரை எப்படிக் கையாள்வது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களில் ஒருவர் வாட்சப்பில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். "அக்கா, கேமரன் மலை நேரலையில நல்லாப் போய்க்கிட்டிருந்த காமெடிய நீங்களே கட் பண்ணீங்களாமே, நெசமா?"

நிஜம்தான். அலுவலகத்தில் அந்தக் கதை பல விதமாகச் சுற்றுகிறது. மழையில் மைக் கெட்டுப்போனது என்று சிலர் சொல்கிறார்கள். நான் பதற்றத்தில் தப்பான ஃபேடரை இழுத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டேன் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் இல்லை.

இதை எழுதலாமா என்று அந்தக் காமெடியில் நடித்த சரோஜாவிடம் போன் போட்டுக் கேட்டேன். வேண்டுமானால் பெயரை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். "பேர ஏன்கா மாத்தணும்? மாத்திட்டா அது நான்தான்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

எங்கள் மாலை நேர நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்ததுதான். பாட்டு, நகைச்சுவை, உள்ளூர்க் கலைஞர்களோடு கொஞ்சம் பேச்சு. எப்போதாவது ஓர் ஊருக்குப் போய் அங்கிருந்தே நேரலையாகச் செய்வோம். அந்த முறை கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்டபம். அறிவிப்பாளர் செல்வமும் நானும் மத்தியானமே வேனில் ஏறிப் போய்விட்டோம். மண்டபத்துக்குத் தகரக் கூரை. சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் சன்னல்கள் வெள்ளையாகிவிட்டன. சேலைக்கு மேல் சுவெட்டர் போட்ட பெண்கள் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள் பின்னால் சுவரோரமாக நின்றார்கள். தமிழ் அவர்களுக்குப் பாதி புரியும். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு அவர்கள் ஒரு தடவை சிரிப்பார்கள். ஒலி சோதனை செய்யும்போதே அதைக் கவனித்தேன். கேட்க ரொம்ப நன்றாக இருந்தது.

அன்று எல்லாரும் காத்திருந்தது சரோஜா, முனியாண்டி ஜோடிக்காக. புருஷன் பெண்டாட்டி. சரோஜா அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலை சலித்துத் தரம் பிரிப்பவர். முனியாண்டி காய்கறி லோரி ஓட்டுபவர். தீபாவளி விருந்து, கோயில் திருவிழா என்று எதுவானாலும் இவர்கள் மேடை ஏறிச் சண்டை போடுவார்கள். அதுதான் இவர்களுடைய காமெடி. வானொலியில் வருவது அதுதான் முதல் தடவை.

மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சமையல் அறையில் அவர்களுக்கு மைக் மாட்டப் போனேன். இருவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

"அக்கா, அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க, எனக்கு இடது பக்கம் நிக்கச் சொல்லி" என்றார் சரோஜா.

முனியாண்டி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தார். "எப்பவும் அங்கதான நிக்கிறேன்னு சொல்லுங்க அக்கா."

"என் கால மிதிக்க வேணாம்னு சொல்லுங்க."

"அவங்க கால் எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும், முகத்தையே திருப்பிக்கிறாங்களேன்னு சொல்லுங்க."

நான் மைக் ஒயரைப் பிரித்தேன். மைக்கை மாட்டுவதிலேயே கவனமாக இருந்தேன். அவர்களுடைய மகள் கவிதா அம்மாவின் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "நாலு நாளா இப்படித்தான் அக்கா. வீட்டுல நான்தான் போஸ்ட்மேன்" என்றார்.

என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்காதவளிடம்தான் எல்லாரும் சொல்வார்கள். சரோஜா தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை கவிதாவைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீடு அதே மலையில் கோலா தெர்லா என்ற ஊரில். அங்கே அவர்களுக்குச் சொந்தமாகக் காய்கறித் தோட்டம் இருக்கிறது. கவிதாவும் அந்தப் பையனும் விரும்பியவர்கள். பையனுடைய அம்மா வெகு நாளாக ஒத்துக்கொள்ளாமல் இருந்து, ஒரு வழியாக மனசு இறங்கி வந்திருக்கிறார். சரோஜா தானே பார்த்து எடுத்து வைத்திருந்த இலையில் தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். "எங்க வீட்டுல காப்பிதான் பழக்கம்" என்று கீழே வைத்துவிட்டார்.

"தேயிலைத் தோட்டத்துல வந்து உக்காந்துக்கிட்டு அக்கா!" என்றார் சரோஜா. "நான் நாள் முழுக்க சலிக்கிற தூளு. வாயில வச்சுப் பாத்துட்டு வேணாம்னு சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும். பாத்துட்டே வேணாம்னுட்டாங்க. அதுகூடப் பெருசு இல்ல. இந்த மனுஷன் என்ன சொன்னாரு தெரியுமா? 'இவ போடுற தேத்தண்ணிய நாங்களே பயந்துக்கிட்டுத்தான் குடிக்கிறோம் சம்பந்தி'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மாவும் சிரிச்சாங்க."

"நெலம மோசமாப் போச்சுன்னு சமாளிச்சேன் லா" என்றார் முனியாண்டி என்னைப் பார்த்து. "சிரிக்க வச்சா சரியாயிரும்னு நெனச்சேன்."

"அவரு சமாளிக்கிறதுக்கு என் தேத்தண்ணிதான் கெடச்சுச்சான்னு கேளுங்க."

"மா, விடும்மா" என்றார் கவிதா. "இன்னைக்கு அவங்க எல்லாரும் ரேடியோ கேக்குறாங்க. காய் கட்டுற கொட்டகையில பெருசா சத்தம் வச்சு, வேலைக்காரங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரங்க எல்லாரையும் கூட்டி வச்சிருக்காங்களாம். எங்க சம்பந்தி ரேடியோவுல வராங்கன்னு அத்தையே எல்லாருக்கும் சொல்லியிருக்காங்க."

"நான் என்ன சொல்லப்போறேன்? ஸ்கிரிப்ட்ல உள்ளதத்தான் சொல்லப்போறேன்" என்றார் சரோஜா.

ஸ்கிரிப்டில்தான் விஷயம் இருந்தது. அது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வரும்போது பெண்டாட்டி நல்ல பிஸ்கட்டை ஒளித்து வைக்கிறாள் என்பது கதை. அதன் நடுவில் புருஷன் அவள் போடும் தேத்தண்ணியைக் கிண்டல் செய்வான். பல வருடமாக அவர்கள் மேடையில் சொல்லிவரும் கிண்டல். தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணியை வைத்துச் சிரிக்காமல் வேறு எதை வைத்துச் சிரிப்பது? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முனியாண்டிக்குச் சட்டென்று வாயில் வந்ததும் அந்த மேடைக் கிண்டல்தான். அந்த வரியை அன்று எடுத்துவிட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, சரோஜாவுக்கும் தோன்றவில்லை. செய்து செய்து பழகிய வரி கண்ணில் படாது.

நிகழ்ச்சி நன்றாக ஆரம்பித்தது. தோட்டத்துப் பையன்களின் உறுமி மேளம் முதலில். அடுத்து பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள் பாடினார்கள். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. நான் மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேடைச் சத்தம் என் மேசையிலிருந்து இரண்டு வழியாகப் போகும். ஒன்று மண்டபத்தில் இருக்கும் ஒலிபெருக்கிகளுக்கு. இன்னொன்று ஈப்போவில் இருக்கும் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஊர் முழுக்க. அதுபோக, கூட்டத்தின் கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் என்று தனியாக ஒரு மைக்கைப் பின் சுவர்ப் பக்கம் தொங்கவிட்டிருந்தேன்.

சரோஜாவும் முனியாண்டியும் மேடை ஏறினார்கள். இரண்டாவது வரியிலேயே மண்டபம் சிரித்தது. பிறகு வங்காளதேசத்துப் பையன்கள் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து மண்டபம் மறுபடியும் சிரித்தது. மேடை ஓரத்தில் நின்ற செல்வம் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்த வரி வந்தது. முனியாண்டி கையை விரித்துக்கொண்டு சொன்னார்: "என் பொண்டாட்டி போடுற தேத்தண்ணிய ஆடு கூட குடிக்காது லா! நேத்து தெரியாம குடிச்ச ஒரு ஆடு, இன்னைக்கு டவுனுக்கு பஸ் ஏறிப் போயிருச்சு!"

அதற்குச் சரோஜா உடனே சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருந்தது. அவர் சொல்லவில்லை. மண்டபம் அதையும் நடிப்பு என்று நினைத்துச் சிரித்தது.

"ஆமா" என்றார் சரோஜா. "ஆடு குடிக்காது. ஆடு மட்டுமா குடிக்கல?"

கூட்டம் குலுங்கியது. ஸ்கிரிப்டில் அது இல்லை. முனியாண்டியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

சரோஜாவின் மேடைக் குரல் உச்சியில் இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் இழுப்பார். இப்போது குரல் கீழே இறங்கிவிட்டது. இழுவை இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் மூச்சு வாங்கும் சத்தம் என் ஹெட்ஃபோனில் கேட்டது. மார்பில் மாட்டிய சின்ன மைக் அதையெல்லாம் பிடித்துவிடும். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது கேட்க வழியில்லை.

"சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். என் வீட்டுக்கு வந்து, என் நாற்காலியில உக்காந்து, என் கோப்பைய எட்டிப் பாத்து மூக்க சுளிச்சவங்க இருக்காங்க. யாருன்னு சொல்லட்டுமா?"

"சொல்லு சரோஜா!" என்று முன் வரிசையில் ஒரு பெண் கத்தினார். வரிசையாக ஒட்டியிருக்கும் தோட்டத்து லைன் வீடுகளில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரைச் சொல்கிறார் என்று தெரிந்துதான் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வத்துக்கு அது தெரியாது. அவர் விரலைச் சுழற்றி, போகட்டும் போகட்டும் என்று எனக்குச் சைகை காட்டினார். என் காதில் நிலையத்திலிருந்த தயாரிப்பாளரின் குரல்: "அக்கா, செம்ம லா! விடுங்க, விடுங்க, பாட்டு அப்புறம் போடலாம்!"

நான் கவிதாவைப் பார்த்தேன். அத்தனை பேர் சிரிக்கும் மண்டபத்தில் அவர் மட்டும் எழுந்து நின்றிருந்தார். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார். பேசுவது அவர் இல்லை, அவருடைய அம்மா. ஆனாலும் தன் வாயைத்தான் பொத்தினார்.

தம்பி தங்கைகளே, அந்த மாதிரி நேரத்தில் யோசிக்க முடியும் என்று நினைக்காதீர்கள். யாரிடமும் கேட்கவும் முடியாது. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தினால் மண்டபத்திலும் சத்தம் போய்விடும். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அத்தனை பேர் முன்னால் சரோஜா வாயைத் திறந்தபடி நிற்பார். அது அவருக்கு இன்னொரு மூக்குச் சுளிப்பு. நிறுத்தாவிட்டால் அடுத்த வரி கோலா தெர்லாவில் அந்தக் கொட்டகையில் விழும். அந்த அம்மாவே கூட்டி வைத்த ஆட்களுக்கு நடுவில் விழும்.

மேடை மைக்குகளை நிலையத்துக்குப் போகும் வழியில் மட்டும் கீழே இறக்கினேன். மண்டபத்துக்குப் போகும் வழியைத் தொடவில்லை. பின் சுவரில் தொங்கிய மைக்கை மேலே ஏற்றினேன். அந்த மைக்கில் மேடைப் பேச்சும் மங்கலாக விழத்தான் செய்யும். ஆனால் அன்று மழையும் சிரிப்பும் அதற்கு மேலே இருந்தன.

மண்டபத்தில் சரோஜா யாரென்று சொன்னார். அந்த அம்மா எப்படி எட்டிப் பார்த்தார் என்று நடித்துக் காட்டினார். கோப்பையை எப்படி விரல் நுனியால் தள்ளினார் என்றும் காட்டினார். ஊர் முழுக்க வானொலி வைத்திருந்தவர்களுக்குக் கேட்டது வெறும் சிரிப்பு. ஒரு பெரிய சிரிப்பு, அதன் பின்னால் ஒரு சின்னச் சிரிப்பு, நடுவில் மழை.

"அக்கா, வாய்ஸ் போச்சு! வாய்ஸ் போச்சு! மைக் செத்துருச்சா?" என்று தயாரிப்பாளர் கத்தினார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மேடையில் சரோஜா முனியாண்டியின் பக்கம் திரும்பினார். "அவங்க சுளிச்சாங்க, சரி. வந்தவங்க. நீங்க எதுக்கு எல்லாரையும் சிரிக்க வச்சீங்க?" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. சுவரோரத்துப் பையன்கள்கூடச் சிரிக்கவில்லை. வானொலியில் இப்போது மழை மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் பாட்டைப் போடப்போவதாகச் சொன்னார். மறுபடியும் "கொஞ்சம் இருங்க" என்றேன்.

முனியாண்டி ஓரடி முன்னால் வந்தார். ஒரு வேடிக்கை சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை. "எனக்கு வேற தெரியல, சரோ. பயந்துட்டேன்" என்றார். பிறகு கொஞ்சம் இருமிவிட்டு, மேடைக் குரலுக்கு மாறி, ஸ்கிரிப்டில் இருந்த அடுத்த வரியைச் சொன்னார்: "சரி, அந்த நல்ல பிஸ்கட்ட எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

சரோஜா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மூச்சுச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அது மெல்ல இறங்கியது. குரல் உச்சிக்கு ஏறியது. "அதச் சொன்னா நீங்க தின்னுருவீங்களே...ளே!" என்று கடைசியை இழுத்தார்.

அந்த இழுவையோடு மேடை மைக்குகளை நான் மேலே ஏற்றினேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் செல்வம் நேராக என் மேசைக்கு வந்தார். நிலையத்திலிருந்து அவருக்குப் போன் வந்திருந்தது. "என்னக்கா ஆச்சு? லைன் கட்டாயிருச்சா?"

"இல்ல தம்பி. என் கைதான்."

"என்னது! இந்த மாதிரி ஒரு சிரிப்ப நான் கேட்டதே இல்ல லா! அதப்போய்..."

"சிரிப்பத்தான் அனுப்புனேனே" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் சரோஜா வந்துவிட்டார். மைக்கைக் கழற்றித் தந்தார். "அக்கா, கோலா தெர்லாவுல கேட்டிருக்குமா?" என்றார். மேடையில் இருந்தவரை அவருக்கு அது நினைவுக்கே வரவில்லை. இறங்கிய பிறகுதான் வந்திருக்கிறது.

"நீங்க சிரிக்க வச்சது மட்டும் கேட்டுச்சு. சொன்னது கேக்கல."

என் கருவிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முனியாண்டி பக்கத்தில் வந்து நின்றார். இடது பக்கம்தான்.

அதே நேரம் கவிதாவின் கைப்பேசி அடித்தது. பெயரைப் பார்த்ததும் கவிதா அதை அம்மாவிடம் நீட்டினார். மாப்பிள்ளையுடைய அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. கொட்டகையில் நின்று பேசுகிறவர், சத்தமாகத்தான் பேசினார்.

"சம்பந்தி! நடுவுல ஒண்ணுமே கேக்கலயே! அங்க எல்லாரும் அப்படிச் சிரிக்கிறாங்க, இங்க நாங்க எல்லாரும் உக்காந்து மழைய கேட்டுக்கிட்டிருக்கோம். அப்படி என்னதான் சொன்னீங்க?"

சரோஜா என்னைப் பார்த்தார். நான் குனிந்து மைக்கைத் துடைத்தேன்.

"போன்ல சொல்ற மாதிரி இல்ல சம்பந்தி" என்றார். "வீட்டுக்கு வாங்க. நேர்ல சொல்றேன்."

செல்வம் கேபிளைச் சுருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார். அது நியாயம்தான். மேடைக்குப் பின்னால் காதில் விழுவதையெல்லாம் அறிவிப்பாளரிடம் போய்ச் சொல்லத் தொடங்கினால், அப்புறம் யாரும் நம் முன்னால் பேச மாட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

நான் செய்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பெண் மனசில் இருந்ததை வாய் விட்டுச் சொல்லும்போது அதை நிறுத்த எனக்கு என்ன உரிமை என்று நானும் யோசித்திருக்கிறேன். அவர் சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னார். புருஷனிடமும், தன்னோடு வேலை செய்கிறவர்களிடமும். அதை நான் தொடவில்லை. மற்றபடி உங்களுக்குச் சொல்ல என்னிடம் விதி ஏதும் இல்லை. கூட்டம் சிரிக்கிறதா என்று மேடையில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். நேரம் சரியாகப் போகிறதா என்று நிலையத்தில் பார்ப்பார்கள். பேசுகிறவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று கேட்கக்கூடியவர் அந்த இடத்தில் நீங்கள் ஒருவர்தான்.

அடுத்த வாரம் அந்த அம்மா கோலா தெர்லாவிலிருந்து வந்தாராம். நடந்ததைக் கவிதா எனக்குப் போனில் சொன்னார்.

"அம்மா மறைக்கவே இல்ல அக்கா. எல்லாத்தையும் சொன்னாங்க. சொன்னதோட விடல, மேடையில நடிச்சாங்கள்ல, அதே மாதிரி எழுந்து நின்னு நடிச்சுக் காட்டுனாங்க. எட்டிப் பாத்தது, சுளிச்சது, கோப்பையத் தள்ளுனது எல்லாம். எனக்கு உயிரே போச்சு. அப்பா பின்பக்கமா வெளியே போயிட்டாரு."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"'நான் அப்படிச் சுளிக்கல சம்பந்தி, நீங்க ரொம்ப ஜாஸ்தி பண்றீங்க. நான் இப்படித்தான் சுளிச்சேன்'னு அவங்களே செஞ்சு காட்டுனாங்க. அம்மா பாத்துட்டு, 'இல்ல சம்பந்தி, இன்னும் கொஞ்சம் இருந்துச்சு'ன்னாங்க. ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சுளிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க அக்கா. யாரு முதல்ல சிரிச்சாங்கன்னு எனக்குத் தெரியல."

"தேத்தண்ணி?"

"குடிச்சாங்க. ஆனா புடிக்கலன்னாங்க. அம்மாவோட முகத்த நேராப் பாத்தே சொன்னாங்க. அம்மா காப்பித்தூள் வாங்கிட்டு வர அப்பாவ டவுனுக்கு அனுப்பிட்டாங்க."